அப்பா தட்டிப் பார்த்த கிட்டார்

இருபத்தெட்டு வயதில் கிட்டார் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, “யாருக்கு?”

எனக்குத்தான் என்றேன். “ஏற்கெனவே ஒன்னு அலமாரி மேல தூசி புடிச்சுக் கெடக்கே, அதுக்கு என்னா வந்துச்சு?” என்றார். நியாயமான கேள்வி. அப்பா வாசலில் மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

அலமாரி மேல் கிடப்பது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வாங்கியது. விடுதியில் எங்கள் மாடியில் மூன்று பேர் கிட்டார் வைத்திருந்தார்கள். எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாட்டில் வரும் அந்தக் கிட்டார், 1982இல் ஆர். சந்திரசேகர் வாசித்தது. கல்விக்கடன் காசு விழுந்த வாரத்திலேயே 250 வெள்ளிக்கு ஓர் இரும்புத் தந்திக் கிட்டார் வாங்கினேன். ஆறு வாரம் தாக்குப்பிடித்தேன். விரல் நுனி கொப்புளித்து, தோல் உரிந்து, கடைசியில் எனக்கெல்லாம் இசை வராது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டு உறையில் போட்டு மூடினேன்.

போன வருஷம் அதை இறக்கி, ஆலையில் நாங்கள் பயன்படுத்தும் ஃபீலர் கேஜை வைத்து அளந்து பார்த்தேன். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி ஐந்து மில்லிமீட்டருக்கும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இரும்புத் தந்திக்கு அதில் பாதி போதும். அந்தக் கோளாறுக்கு இத்தனை வருஷமாக என் விரல்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் கிட்டார் வாங்குகிறவர்கள் பலர் இப்படித்தான் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கருவி மோசம் என்று சொல்லும் தைரியம் புதியவனுக்கு வராது. தன்னையே குறை சொல்லிக்கொள்வான்.

ஃபிளமென்கோ வந்தது ரயிலில். நான் வேலை செய்வது ஷா ஆலாமில். பத்துமலையில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாற வேண்டும். பத்துமலை கடைசி நிலையம் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒருநாள் கைப்பேசி தானாகவே ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி பாக்கோ தெ லூசியாவில் வந்து நின்றது. ஒரு புலேரியா. ஒரே ஆள், ஒரே கிட்டார். ஆனால் கூடவே யாரோ பலகையில் தட்டுவதுபோல் ‘டொக்’, ‘டொக்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. காணொளியைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. தந்தியை மீட்டும் அதே வலது கையின் மோதிர விரல் இடையிடையே கிட்டாரின் மேற்பலகையைத் தட்டுகிறது. அதற்கு ‘கோல்பே’ என்று பெயர். ‘அடி’ என்று அர்த்தம். செந்தூலைத் தாண்டும்போது ஆரம்பித்தது, கேஎல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். பொறியாளர்களுக்கு உள்ள வியாதி இது; வாசிக்கிறதுக்கு முன்னாலேயே அளவுகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நைலான் தந்தி போட்ட கிளாசிகல் கிட்டாரும் ஃபிளமென்கோ கிட்டாரும் தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. இரண்டுக்கும் தந்தியின் நீளம் பொதுவாக 650 மில்லிமீட்டர். ஆனால் கிளாசிகலில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த தந்தி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஃபிளமென்கோவில் 3 அல்லது அதற்கும் கீழே. பிரிட்ஜ் பக்கத்திலும் தந்தி மேற்பலகையை ஒட்டியே ஓடும். விரல் தந்தியிலிருந்து இறங்கிப் பலகையைத் தட்டிவிட்டு உடனே திரும்ப வேண்டும் அல்லவா, அதற்காக. உடம்பின் ஆழமும் குறைவு. மேற்பலகை தேய்ந்துபோகாமல் இருக்க அதன்மேல் கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பார்கள். பழைய வகையில் தலையில் பல்சக்கரம் கிடையாது, வீணையில் உள்ளது போன்ற மரப் பிரடைதான். தந்தி தாழ்வாக இருப்பதால் ஓங்கி அடித்தால் லேசாக இரையும். கிளாசிகல்காரர் அதைக் குறை என்பார். இங்கே அந்த இரைச்சலும் வேண்டும்.

மரம் இரண்டு வகை. முதுகும் பக்கங்களும் சைப்ரஸ் மரமாக இருந்தால் வெளிர் மஞ்சளாக இருக்கும். அதை ‘பிளாங்கா’, வெள்ளை என்கிறார்கள். ரோஸ்வுட்டாக இருந்தால் ‘நெக்ரா’, கறுப்பு. சைப்ரஸ் ஸ்பெயினிலேயே விளைந்த மரம். ரோஸ்வுட் கப்பலில் வர வேண்டியது. ஏழைப் பாட்டுக்காரர்களுக்கு மலிவான மரத்தில் செய்து கொடுத்ததுதான் பிளாங்கா என்று ஒரு கதை உண்டு. முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆனால் மலிவு என்பது உண்மை. எனக்கு வேறொரு விஷயம்தான் சுவாரசியமாக இருந்தது. இன்று நெக்ராவில் அதிகம் போடுகிற இந்தியன் ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, நம் ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. விரல் வைக்கும் பலகை பெரும்பாலும் கருங்காலி. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது கிட்டார் வியாபாரிகள் தலையில் கை வைத்தார்கள். 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

என் கணக்கு 2,000 வெள்ளி. கல்விக்கடன் மாதாமாதம் பிடித்தம் ஆகிறது, தங்கச்சி இன்னும் படிக்கிறாள். அதற்கு மேல் போனால் அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது.

புக்கிட் பிந்தாங் பக்கம் முதலில் போன கடையில் ஃபிளமென்கோ என்றதும் பையன் ஒரு கிளாசிகல் கிட்டாரை எடுத்துக் கொடுத்து, “ஸேம் ஸேம்லா, பாஸ்” என்றான். தட்டுகிற தகடு எங்கே என்று கேட்டேன். ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்றான். தந்தி உயரத்தைக் குனிந்து பார்த்தேன், பழைய ஆறு வாரம் ஞாபகம் வந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடி. பழைய கிட்டார்களைப் பழுதுபார்த்து விற்கும் வயதான சீனர். மூன்று இருக்கின்றன, வந்து பார் என்று செய்தி அனுப்பியிருந்தார். என்னிடம் இருப்பது மோட்டார். மாலையில் மழை நிச்சயம். கிட்டாரை முதுகில் கட்டிக்கொண்டு வர முடியாது. அப்பாவிடம் காடியைக் கேட்டேன். சாவியைக் கொடுப்பார் என்று பார்த்தால், “நானும் வர்றேன்” என்றார்.

மேசைமேல் மூன்றையும் வரிசையாக வைத்திருந்தார். ஒன்று ஈட்டி மரத்து நெக்ரா, சிடார் மேற்பலகை. இரண்டாவது யமஹாவின் சிஜி182எஸ்எஃப், பழையது. மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ், உடம்பு சைப்ரஸ். விலை 1,900. மூன்றாவது நாங்கள் எல்லோரும் கனவு காண்கிற வகை. ஸ்பெயினில் கையால் செய்த, முழு மரத்து பிளாங்கா, பிரடையோடு. நிறம் பழைய தேன் மாதிரி. 5,800 சொன்னார், உனக்காக 5,200 என்றார். நான் அதை மடியில் வைத்து எனக்குத் தெரிந்த நாலு சுரத்தை வாசித்தேன். கீழே வைக்க மனசு வரவில்லை. மனசுக்குள் கடன் அட்டையின் தவணைக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், அம்மாவிடம் எந்த விலையைச் சொல்வது என்பது வரை.

அப்போதுதான் அப்பா பக்கத்தில் வந்து, நெக்ராவின் மேற்பலகையை மடக்கிய விரலால் தட்டினார்.

“ஜாங்ஙான் கெத்தோக்லா, அங்கிள்!” கடைக்காரர் பதறிவிட்டார். தட்டாதே என்கிறார். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அப்பா கையைக் கடையிலும் சும்மா வைத்திருக்க மாட்டார், தர்பூசணியிலிருந்து லோரி டயர் வரைக்கும் தட்டித்தான் வாங்குவார். “அப்பா, விடுங்கப்பா” என்றேன். பிறகு எனக்கே ஒன்று உறைத்தது. நான் வாங்க வந்திருப்பதே தட்டி வாசிக்கிற கிட்டார். கடைக்காரரிடம் பிளாஸ்டிக் தகட்டைக் காட்டி, இந்த இடத்தில் மட்டும், மெதுவாக என்றேன். அவர் சிரித்துவிட்டார். “ஓகே, ஓகே. சிக்கிட் சஜா.” கொஞ்சமாக.

அப்பா நெக்ராவை மறுபடி தட்டினார். “இது உள்ளுக்குள்ளேயே பேசிக்கிட்டு இருக்கு.” யமஹாவைத் தட்டினார். “இது வெளிய வந்து சத்தம் போடுது. கூட்டத்துல கேக்கணும்னா இதுதான்.”

நான் பல இரவுகள் படித்துத் தெரிந்துகொண்டது அது. சைப்ரஸ் கிட்டாரின் நாதம் சட்டென்று எழும்பி சட்டென்று அடங்கும். ரோஸ்வுட்டில் நாதம் நீண்டு நிற்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆடுகிறவர்களின் செருப்புச் சத்தத்தையும் கைத்தட்டலையும் தாண்டிப் போக வேண்டிய கருவிக்கு இந்த முதல் குணம்தான் தேவைப்பட்டது. அப்பா ஒரு வார்த்தைகூடப் படித்தவர் இல்லை. இருபது வருஷம் தைப்பூசக் கூட்டத்துக்குள் உறுமி வாசித்தவர்.

ஸ்பானிஷ் கிட்டாரிடம் வந்தார். தகட்டில் தட்டினார். முகம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே, பிரிட்ஜுக்குப் பின்னால் தட்டினார். பக்கத்தில் தட்டினார். திரும்ப அதே இடம். “இங்க ஏதோ ஆடுது.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “நல்லா கேளு.” கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஓர் இடத்தில் தட்டினால் சத்தம் முழுசாக வந்தது. நாலு விரல்கடை தள்ளித் தட்டினால் அதன் வாலில் பல் கூசுகிற மாதிரி சின்னதாக ஒரு நடுக்கம். ஆலையில் எந்திரத்தின் அடித்தளப் போல்ட்டைச் சுத்தியலால் தட்டி, தளர்ந்திருக்கிறதா என்று நாங்களும்தான் கேட்கிறோம். அந்தக் காலத்தில் ரயில் சக்கரத்தை இப்படித்தான் தட்டிச் சோதித்தார்கள் என்று பாடத்திலேயே உண்டு. மரத்தில் செய்யத் தோன்றவில்லை எனக்கு, தேன் நிறத்தில் மயங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரர் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மேற்பலகையின் உள்பக்கம் தாங்கலாக ஒட்டியிருக்கும் குச்சிகளில் ஒன்று முனையில் விட்டுப்போயிருந்தது. அதை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நல்ல மனுஷன், கிட்டாரை உடனே மேசையிலிருந்து எடுத்துவிட்டார். சரிசெய்துவிடலாம், ஆனால் இன்றைக்கு இதை உனக்கு விற்க மாட்டேன் என்றார்.

நம் ஊரின் காற்றுதான் காரணம் என்று பிறகு விளக்கினார். கிட்டார் செய்கிற பட்டறைகளில் ஈரப்பதத்தை 45, 50 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். இங்கே மழை நாளில் 80ஐத் தாண்டும். மரம் ஊதும், மேற்பலகை வயிறு தள்ளும், தந்தி உயரும். பிறகு யாராவது இரவு முழுக்கக் குளிரூட்டியைப் போட்டுத் தூங்குவார்கள், மரம் சுருங்கும். தினம் இப்படி ஊதிச் சுருங்கினால் ஏதாவது ஓர் ஒட்டு விடத்தான் செய்யும். முழு மரத்தில் மெல்லிசாகச் செய்த நல்ல கிட்டார்தான் இதற்கு முதலில் பலியாகும். எங்கள் வீடு தகரக் கூரை. பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. குளிரூட்டி ஓர் அறையில்தான், அதுவும் தங்கச்சி அறையில்.

1,900 கொடுத்து யமஹாவை எடுத்துக்கொண்டோம். அப்பா 1,800க்குக் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஒரு செட் தந்தி சும்மா கொடுத்தார்.

திரும்பும்போது எம்ஆர்ஆர் 2இல் நெரிசல். கிட்டார் பின்சீட்டில் படுத்திருந்தது. “எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?” என்று கேட்டேன். “உறுமியில வளையம் விட்டுப்போனா இதே சத்தம்தான் வரும்” என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. எங்களுக்குள் உறுமி என்ற சொல் வந்தே பல வருஷம் ஆகியிருந்தது.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் படிவம் நான்கு படிக்கும்போது ஒரு கோயில் ஊர்வலம். பள்ளி நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தேன், எல்லாம் அறிவியல் பிரிவு மாணவர்கள். உறுமி மேளம் வந்தது. முன்வரிசையில் அப்பா. சட்டையில்லை, தலையில் மஞ்சள் துண்டு, வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அவர் முகமும் சேர்ந்து கோணும். நண்பன் ஒருத்தன், “இந்த உறுமிக்காரனுங்க எல்லாம் சம்சுப் பார்ட்டிடா” என்றான். இன்னொருத்தன் அப்பாவையே காட்டி, அவர் முகத்தைப் பாரேன் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வருஷம் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். இடுப்பு வலி உண்மைதான், லோரி ஓட்டியவர். உறுமி ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது.

கிட்டார் வாங்கியபிறகு ஃபிளமென்கோவின் கதையைப் படிக்கும்போது அந்த ஊர்வலம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஸ்பெயினின் ஹித்தானோக்கள், அதாவது ரோமா மக்கள், வளர்த்த இசை இது என்கிறோம். அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு 1425லிருந்து பதிவு இருக்கிறது. 1499இலேயே, ஊர் ஊராகத் திரிவதை விட வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று அரசாணை போட்டார்கள். 1749இல் ஒட்டுமொத்தமாகப் பிடித்து அடைத்தார்கள். பாட்டும் ரொம்ப காலம் சாராயக்கடைச் சரக்காகத்தான் பார்க்கப்பட்டது. 1922இல் மனுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் கிரனடாவில் ஒரு போட்டி நடத்தி, இது கலை என்று படித்தவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நான் ரயிலில் வாய்பிளந்து கேட்டது, அத்தனை சான்றிதழும் வாங்கி முடித்துவிட்ட ஒரு சத்தம். அதற்கு மரியாதை கொடுக்க எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

இதைப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஒட்டுக்கடையில் நண்பனிடம் சொன்னபோது அவன் வேறு பக்கம் போய்விட்டான். “ஜிப்சி எல்லாம் இந்தியாவுலேர்ந்து போனவங்கதானே மச்சான்? அப்ப அது நம்ம மியூசிக்டா!” ரோமா மக்களின் மொழி இந்தியாவைச் சேர்ந்தது என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஐந்துக்கு அவர்கள் ‘பஞ்ச்’ என்கிறார்கள். ஆனால் அவர்கள் புறப்பட்டது வடமேற்கு இந்தியாவிலிருந்து, அதுவும் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். நாம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள். நடுவில் ஃபிளமென்கோவுக்குள் அரபியர், யூதர், அந்தலூசிய விவசாயி எல்லாரும் கை வைத்திருக்கிறார்கள். பாக்கோவே ஹித்தானோ இல்லை. அவர் அம்மா போர்ச்சுகல்காரர். பாக்கோ 1970களின் கடைசியில் பெருவில் பார்த்து எடுத்துவந்த ‘கஹோன்’ என்ற மரப்பெட்டி, அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் வழியில் வந்தவர்களுடையது. ஃபிளமென்கோவின் அடிப்படைச் சுரவரிசை நம் தோடியின் சுரங்களோடு அப்படியே பொருந்துகிறது என்பதும், அதில் காந்தாரத்தை உயர்த்தினால் வகுளாபரணம் வரும் என்பதும் சரிதான். கமகம் இல்லாமல் தோடியை வாசித்துவிட்டு தோடி என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஒற்றுமை இருந்தால் ரசிப்போம், அதற்காகப் பட்டா கேட்க வேண்டாம் என்றேன். அவன் சமாதானமாகவில்லை. ரொட்டி சானாய்க்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

ஏழு மாதம் ஆகிறது. பதினைந்து வெள்ளிக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கிக் கிட்டார் பக்கத்தில் வைத்தேன். நவம்பர் மழையில் 84 காட்டியது. தந்தி அரை மில்லிமீட்டர் ஏறியது. இப்போது கிட்டாரைப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வைக்கிறேன். பெட்டிக்குள் 60க்குக் கீழே நிற்கிறது. பையை வெயிலில் காயவைத்து மாற்றுவது அப்பாவின் வேலையாகிவிட்டது. நான் சொல்லவில்லை. உறுமித் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றிய பழக்கம்.

வாசிப்பு? சுமார்தான். நாலு விரலையும் ஒவ்வொன்றாக வீசியடிக்கும் ரஸ்கேயாதோ இன்னும் குதிரை நொண்டுவதுபோல்தான் வருகிறது. இன்னும் மோசம் தாளம். புலேரியாவுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. ஆனால் ஒன்றில் தொடங்காது, பன்னிரண்டில் தொடங்கும். அழுத்தம் 12, 3, 6, 8, 10இல் விழ வேண்டும். மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. கைப்பேசியில் தாளத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் விழுந்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து அதையே போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளேயிருந்து வந்தார்.

“ஏன்டா பன்னெண்டுலேர்ந்து எண்ற?”

“அப்படித்தான்பா இது.”

“பன்னெண்டுலேர்ந்து எண்றவன இன்னைக்குத்தான் பாக்குறேன்.” காடியின் பானெட்டில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு விரல் நுனியால் பானெட்டில் தட்ட ஆரம்பித்தார். முதல் சுற்றில் அவரும் விழுந்தார். இரண்டாவதிலும். மூன்றாவதில் எண்ணுவதை விட்டுவிட்டு வாயால் ஏதோ சொல்கட்டைச் சொல்லிக்கொண்டு தட்டினார், சரியாக வந்து உட்கார்ந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுச் சுற்று வாசித்தேன். எதிர்வீட்டு மக்சிக் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஸ்டோர் ரூமைத் திறந்து அரிசி மூட்டையை நகர்த்தினோம். உறுமியின் தேய்க்கிற பக்கம் தோல் கிழிந்திருந்தது. மறுபக்கம் பரவாயில்லை. வளையங்களை அப்பா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தோல் மாட்டித் தருகிற ஆள் கிள்ளானில் இருக்கிறாராம், இப்போது எவ்வளவு கேட்பார் என்று தெரியவில்லை என்றார். இந்தச் சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம் இல்லை. காடியை நான்தான் ஓட்டப் போகிறேன், அவர் இடுப்புக்கு கிள்ளான் தூரம் ஆகாது.